திண்ணையில் கிடைத்த பாயிரம்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்திருந்தார். கையிலே தடித்த நோட்டுப் புத்தகம். அது நிறையப் பாட்டுக்கள்.

"பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள ஆசை, ஐயா. முதலில் எதைப் படிக்க வேண்டும்? யாப்பிலக்கணமா, சங்கீதமா?" என்று கேட்டார்.

"ஒரு பாட்டைப் பாடுங்கள், கேட்போம்" என்றேன்.

அவர் திகைத்துப் போனார். "பாட வராது, ஐயா. எழுதத்தான் வரும்" என்றார்.

அவருடைய கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. சோழ நாட்டில் நடந்த இரண்டு கதைகளைச் சொன்னேன். அவற்றையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

முதல் கதை சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயருடையது. தில்லையாடியில் 1711-ஆம் ஆண்டில் பிறந்தவர், 1779-இல் மறைந்தவர். தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். கம்பனில் ஊறியவர். இராம கதை முழுவதையும் கீர்த்தனங்களாகப் பாடிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு எழுந்தது. சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இசைக்கு? பக்கத்துச் சட்டநாதபுரத்திலிருந்து கோதண்டராமையர், வேங்கடராமையர் என்ற இருவர் அவரிடம் தமிழ் பயின்று வந்தார்கள். இருவரும் சங்கீதம் அறிந்தவர்கள். குரு சொல்லைக் கொடுத்தார். சிஷ்யர்கள் ராகமும் தாளமும் கொடுத்தார்கள். இராம நாடகம் பிறந்தது. தம்மிடம் இல்லாததைத் தம் மாணாக்கரிடமே கேட்டு வாங்கிக்கொள்ள அந்தப் பெரியவர் வெட்கப்படவில்லை. பிற்கால வித்துவான்கள் அந்தக் கீர்த்தனங்கள் சிலவற்றின் ராகத்தை மாற்றிப் பாடினார்கள். ராகம் மாறியும் சொல் நின்றது.

இரண்டாவது கதை அதற்கு நேர்மாறானது. நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார், தமிழ் இலக்கணத்தை முறையாகக் கரைத்துக் குடித்தவர் அல்லர். அவருடைய பள்ளிக்கூடம் அவருடைய காதுதான். திருவிடைமருதூரில் ராமதாஸ் என்ற வித்துவானிடம் ஹிந்துஸ்தானி இசை கேட்டார். மற்ற வித்துவான்கள் பாடக் கேட்டுக் கேட்டுத் தம் ஞானத்தைப் பெருக்கிக் கொண்டார்.

ஒரு முறை அவர் திருவையாற்றுக்குத் தியாகராஜரைத் தரிசிக்கப் போனார். அங்கே சிஷ்யர்கள் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனம் பாடிக்கொண்டிருந்தார்கள். "இந்த ராகத்தில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்று தியாகராஜர் கேட்டாராம். பாரதியார் அதுவரை செய்ததில்லை. மறுநாள் தில்லைச் சபாபதியின்மேல் ஆபோகியில் ஒரு கீர்த்தனம் செய்துகொண்டு வந்து பாடினார். இன்றும் கச்சேரிகளில் அதைக் கேட்கிறோம்.

ஒரே நாளில் எப்படி முடிந்தது? கீர்த்தனத்தின் கட்டடம் அவர் காதிலே தயாராக இருந்தது. பல்லவியில் ஒரே கருத்து. அநுபல்லவி அதைச் சற்று விரிக்கும். இரண்டாம் எழுத்து எதுகையால் பல்லவியோடு கை கோத்துக்கொள்ளும். சரணங்கள் விவரம் சொல்லிவிட்டுப் பல்லவிக்கே திரும்பி வரும். ஆகவே எந்தச் சரணத்தின் முடிவிலும் பொருந்தும்படி பல்லவி அமைய வேண்டும். இதுதான் ஆரம்பப் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. வெண்பாவில் குறில் குறிலாகவே நிற்கும். தாளம் அப்படி விடாது. தனக்கு வேண்டிய இடத்தில் எழுத்தை இழுக்கும். 'மலை' என்று எழுதியிருப்பீர்கள். பாடுகிறவர் முதல் எழுத்தில் நீட்டினால் 'மாலை' ஆகிவிடும். 'கல்' இருந்த இடத்தில் 'கால்' வந்து நிற்கும்! எங்கே இசை நீளுமோ அங்கே நெடில் விழ வேண்டும். இதை நோட்டுப் புத்தகம் காட்டாது; வாய்தான் காட்டும்.

பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடி முடித்தார். கீர்த்தனங்களோடு நொண்டிச் சிந்து முதலிய எளிய மெட்டுக்களையும் அதில் சேர்த்தார். சேக்கிழார் சொல்லாத ஒரு வேதியரை நந்தனாருக்கு எஜமானராக்கினார். ஜனங்கள் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். ஆனால் அச்சிடுவதற்கு முன் பெரும்புலவர் ஒருவரின் சிறப்புப் பாயிரம் வேண்டுமே! மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாடிப் போனார். நூலில் இலக்கணப் பிழைகள் இருந்தன. பிள்ளைக்கு மனம் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினார். 'நாளைப்போவார்' கதையைப் பாடியவருக்கே அந்தக் கதி!

ஒரு நாள் பாரதியார் வந்தபோது பிள்ளை உள்ளே படுத்திருந்தார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, தமக்குத் தாமே தம் கீர்த்தனங்களைப் பாடத் தொடங்கினார். உள்ளே இருந்தவர் காதில் அது விழுந்தது. ஏட்டில் கண்ணுக்குப் பட்ட பிழை பாட்டில் காதுக்குப் படவில்லை. பிள்ளை உருகிப் போனார். பாயிரம் கிடைத்தது.

பிழைகள் இல்லாமல் போய்விட்டனவா? இல்லை. பிள்ளை கண்டது பொய்யல்ல. ஆனால் பாட்டைக் கண்ணால் மாத்திரம் படித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை அந்த மகாவித்துவானே அன்று ஒப்புக்கொண்டார்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1871-இல் பிள்ளையிடம் தமிழ் கற்க ஒரு சிறுவர் மாயூரம் வந்தார். சங்கீதக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனாரின் விருப்பப்படி பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். செய்தி ஆசிரியருக்கு எட்டியது. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் ஊன்றாது என்று பிள்ளை கருதினார். சிறுவர் பாட்டுப் பாடத்தை நிறுத்திவிட்டார். அவர்தாம் பின்னாளில் சங்க நூல்களை அச்சேற்றிய டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவர் நிறுத்தியது தமிழுக்கு லாபமே. ஆனாலும் முதுமையில் அவர் உட்கார்ந்து கோபாலகிருஷ்ண பாரதியாரின் சரித்திரத்தை எழுதினார். ஆபோகிக் கதையும் திண்ணைக் கதையும் நமக்குக் கிடைத்தது அவரால்தான். பாதியில் விட்ட பாட்டு அந்தக் காதில் கடைசி வரை ஒலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இளைஞர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். "அப்படியானால் நான் எதைப் படிக்க?" என்று மறுபடியும் கேட்டார்.

"உங்களிடம் எது இல்லையோ அதை, தம்பி. கவிராயருக்கு இசை இல்லை, கேட்டு வாங்கிக்கொண்டார். உங்களுக்கும் ஒரு சிநேகிதர் அகப்படுவார். அதுவரையில் எழுதிய ஒவ்வொரு வரியையும் தாளம் போட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; குரல் நன்றாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை."

போகும்போது வாசல் திண்ணையில் சற்று உட்கார்ந்து, நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, தொடையில் மெதுவாகத் தட்டிப் பார்த்தார். முதல் வரியிலேயே நிறுத்திப் பென்சிலை எடுத்து ஒரு சொல்லை அடித்தார்.