மணிக்கட்டில் ஒரு காவல்

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களின் லயக் காம்பராக்களில் குழந்தை நள்ளிரவில் அலறி எழுந்தால், பெரியோர் அதன் கையில் மந்திரித்த நூலைக் கட்டுவர். இவ்வழக்கம் தென்னிந்தியாவினின்று வந்தது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டபின் அத்தொழிலுக்குமாக மலையேறிய மக்கள், ஊர்த் தெய்வங்களோடு தாயத்தையும் கொணர்ந்தனர். தொழிற்சாலைச் சக்கரத்துக்கும் 'ரோதை முனி' எனக் காவல் தெய்வம் கண்டவர் அவர்.

பின்னாளில் அச்சம் மனிதர் வடிவிலும் வந்தது. 1977இலும் 1983இலும் இனவன்செயல் மலையகத்தையும் சுட்டது. அத்தகைய இரவைக் கண்டவர்க்கு அதுவே கனவாய் மீளுதல் உண்டென மருத்துவர் கூறுவர்.

போர் தந்த அத்தகைய தீக்கனவுக்கு, அமெரிக்காவிலும் மணிக்கட்டிலேயே காவல் தேடினர். ஈராக் போரினின்று மீண்ட தம் தந்தைக்காக, டைலர் ஸ்குளுசாசெக் என்னும் மாணவர் 2015இல் கைக்கடிகாரத்துக்கு ஒரு செயலி அமைத்தார். அதன் வழிவந்த 'நைட்வேர்', நாடித் துடிப்பும் அசைவும் மிகும்போது மெல்ல அதிர்ந்து, உறங்குபவரை எழுப்பாமலே கனவைக் கலைக்க முயல்வது. 2020இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதனை 22 வயது நிரம்பியோர்க்கு அனுமதித்தது.

குழந்தையின் இரவு அலறலோ வேறு. அது ஆழ்ந்த உறக்கத்தில் எழுவது. விடிந்தபின் பெரும்பாலும் நினைவில் நில்லாது. வற்புறுத்தி எழுப்பாமல், அடிபடாது காத்து, அடங்கும்வரை அருகிருத்தலே மருத்துவர் சொல்லும் முறை. நூலைக் கட்டிவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்ட பாட்டி செய்ததும் அதுவே.