செவிலியின் சேய் எங்கே?

மாளிகையிலே மழலை பிறந்துவிட்டது. தாய் பாலூட்டுவதில்லை, சீமான் வீட்டு வழக்கம் அது. செவிலித்தாய் வேண்டும்! ஏழைப் பெண்கள் சிலரை அழைத்து வந்து நிறுத்தியிருக்கின்றனர். யாரைத் தேர்ந்தெடுப்பது?

பண்டைய உரோமாபுரியிலே இந்தக் கேள்விக்கு விரிவாக விடையெழுதியவர், எபேசு நகரத்து மருத்துவர் சொரானசு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கிரேக்கர். செவிலிக்கு வயது 20க்கு மேல், 40க்குள் இருத்தல் வேண்டும். இரண்டு மூன்று பிள்ளை ஈன்றவளாக, உடல் நலமும் அடக்கமும் இரக்கமும் உடையவளாக இருத்தல் வேண்டும். பாலில் ஒரு துளியை நகத்தின்மீது விட்டுப் பார்; நீராய் ஓடினாலும் ஆகாது, தேனாய் ஒட்டினாலும் ஆகாது. நல்ல மொழி குழந்தையின் செவியிலே விழ, அவள் கிரேக்க மாதாக இருக்கட்டும் என்றார்.

இன்னொன்றும் சொன்னார், தோழர்களே! மூடநம்பிக்கை மிக்கவள், ஆவேசம் கொண்டு ஆடுபவள் கூடாது. பொய்யெண்ணத்தால் மதிமயங்கிக் குழந்தைக்குக் கேடு சூழ்வாள் என்றார். சுமார் 1,900 ஆண்டுகட்கு முன்னரே இத்துணைத் தெளிவு! பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ஐரோப்பிய வைத்தியர் சிலரோ, செம்பட்டைக் கூந்தல்காரியின் பால் தீது என்று ஏட்டில் எழுதிவைத்தனர். காலம் முன்னே சென்றது. கருத்து பின்னே நடந்தது!

பாரிசு நகரத்திலே இது பெருந்தொழிலாயிற்று. 1769இல் அரசே செவிலியர் அலுவலகம் ஒன்றை அமைத்தது. 1780இல் காவல்துறைத் தலைவர் லெனுவார் தந்த கணக்குப்படி, ஆண்டுதோறும் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளில், பெற்றவள் பாலை உண்டவை ஆயிரத்துக்கும் குறைவு! பெரும்பாலானவை வண்டியேறி நாட்டுப்புறக் குடிசைகட்குச் சென்றன. திரும்பாமலே போனவை பல.

வயதைக் கேட்டனர், பாலைச் சோதித்தனர், குணத்தை விசாரித்தனர். ஒன்றை மட்டும் கேட்க மறந்தனர்: “அம்மா, உனக்குப் பால் சுரக்கிறதே, உன் பிள்ளை எங்கே?”

சீமான் வீட்டுச் சேய் செழிக்க, அவள் சேய் எங்கோ ஒரு மூலையில் கஞ்சிநீர் குடித்து வாடியது. கொடுமைக்காரியா அவள்? இல்லை, கூலிக்காரி! வறுமை அவளை விரட்டியது. மார்பில் ஊறிய பாலையே விலைக்கு விற்கச் சொன்னது.

அந்தக் கேள்வியைப் பிரெஞ்சு நாட்டின் சட்டம் கேட்டது 1874 டிசம்பர் 23இல். மருத்துவரும் மக்கள் பிரதிநிதியுமான தியோபில் ரூசெல் கொண்டுவந்த சட்டம் அது. செவிலி வேலைக்குச் செல்பவளின் சொந்தக் குழந்தைக்கு ஏழு மாதம் நிரம்பியிருத்தல் வேண்டும். இன்றேல் வேறொரு தாய் அதற்குப் பாலூட்ட ஏற்பாடு வேண்டும். கூலிக்கு வளர்க்கவிடப்பட்ட, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைத்தும் அரசின் கண்காணிப்பில் வந்தன. பின்னர், கிருமியழித்த பாலும் புட்டியும் பரவின. அந்த வாணிபமே மறைந்தது. வேண்டுதல் காக்கவில்லை, சட்டமும் விஞ்ஞானமும் காத்தன!

பால் விற்பனை போயிற்று. பிள்ளை பார்க்கும் பணி போகவில்லை. இன்றும் வீடுதோறும் ஆயாவைத் தேடுகிறோம். நல்லவளா, நம்பலாமா என்று கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அத்துடன் இன்னொரு கேள்வியும் நம் நாவிலே எழட்டும்: நம் குழந்தையை இவள் தோளில் சுமக்கும் நேரத்தில், இவள் குழந்தை யார் தோளில்?