குனிய வைத்த காய்ச்சலும் அதன் மேல் நாம் போடும் பழியும்



கை, கால், முழங்கால் என்று பல மூட்டு சேர்ந்து வலித்தால் நம் பக்கத்தில் ஒரே பதில்தான்: "அது அந்தச் சிக்குன்குனியா விட்டுட்டுப் போன வலி." செங்கலடிச் சந்தியில் பதுளை வீதி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காய்ச்சலின் சரித்திரத்தைக் கொஞ்சம் எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1779இல் மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். அவர்களுடைய கம்பனிக்கு ஆசியத் தலைமையிடம் பத்தாவியா, இன்றைய ஜகார்த்தா. அந்த வருடம் அங்கே பரவிய ஒரு காய்ச்சலை டேவிட் பைலோன் என்ற வைத்தியர் எழுதிவைத்தார். அவரையும் அது பிடித்தது. மூட்டு வலி கடுமையாக இருந்ததால் 'விரல்முட்டிக் காய்ச்சல்' என்றே அதற்குப் பெயர். நெடுங்காலம் அதை டெங்கு என்று எண்ணினார்கள். இல்லை, அது சிக்குன்குனியாவாகத்தான் இருக்கும் என்று பிற்காலத்தில் சில ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

சிக்குன்குனியா என்ற பெயர் 1952இல் இன்றைய தன்சானியாவின் தெற்கே, மகொண்டே மேட்டுநிலத்தில் பரவிய காய்ச்சலிலிருந்து வந்தது. அந்த மக்களின் மொழியில் 'வளைந்து போவது' என்று பொருள். வலியில் நிமிர முடியாமல் குனிந்து நடந்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள். (கோழி இறைச்சியால் வருகிறது என்று நம் ஊரில் கறியை விட்டவர்களும் இருந்தார்கள். கோழிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) அங்கே தண்ணீர் அரிது, வீட்டுக்குள் சேர்த்து வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் நுளம்பு பெருகியது.

1963இல் கல்கத்தா, 1964இல் மதராஸ், அதே காலத்தில் இலங்கை. பிறகு ஏறத்தாழ நாற்பது வருடம் சத்தமில்லை. 2004இல் கென்யாவின் லாமுத் தீவில் மறுபடி கிளம்பியது. அடுத்து றீயூனியன் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்க வைத்தது. 2006இல் இந்தியா, வருடக் கடைசியில் நாம்.

அந்த நேரம் நம் நிலைமை என்ன? வாகரைச் சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. 2007 மார்ச்சில் படுவான்கரையும் கிளம்பியது. முகாம்களில் தண்ணீரைப் பீப்பாயிலும் வாளியிலும்தான் பிடித்து வைத்தார்கள். மகொண்டேயில் நடந்ததற்கு இங்கேயும் எல்லாம் தயாராக இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுகிறவர்கள் கூடியதை நானே கண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் கதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காய்ச்சலா காரணம்? முன்பு எல்லா வலிக்கும் 'வாதம்' என்ற ஒரு பெயர் இருந்தது. இப்போது பெயர் மட்டும் மாறியிருக்கிறது. இங்கிலாந்தில் அல்பிரட் கரோட் என்ற வைத்தியர் 1848லேயே, கவுட் நோயாளியின் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருப்பதைக் காட்டினார். 1859இல் ருமற்றொயிட் மூட்டுவாதம் வேறு நோய் என்று பெயரிட்டுப் பிரித்தார். அவர் பிரித்ததை நாம் இன்றும் ஒன்றாகவே கட்டி வைத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய் மூன்று வருடம் தைலம் பூசினார். காலையில் எழும்பினால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கைவிரலை மடக்க முடியாது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். கடைசியில் பார்த்தால் ருமற்றொயிட். அதற்குள் விரல்கள் கோணிவிட்டன. நேரத்தோடு மருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

தேய்மானம் அப்படி இல்லை. நடக்க நடக்க முழங்கால் வலிக்கும், இருந்தால் குறையும், காலை இறுக்கம் அரை மணித்தியாலம் தாண்டாது. கவுட் அநேகமாகப் பெருவிரலில், இரவில் திடீரென்று வரும். சிக்குன்குனியா வலி காய்ச்சலோடு தொடங்கும், பெரும்பாலோருக்குச் சில கிழமைகளில் போய்விடும், சிலருக்கு மாதங்கள், வருடங்கள் இழுக்கும். இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. ருமற்றொயிட் காரணி நோய் இல்லாதவருக்கும் காட்டும், நோயுள்ள சிலருக்குக் காட்டாது. அதனால்தான் வைத்தியர் கேள்வி கேட்கிறார். எப்போது தொடங்கியது, காய்ச்சல் இருந்ததா, எத்தனை மூட்டு, வீக்கம் உண்டா, காலையிலா மாலையிலா கூட என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

2025இலும் சிக்குன்குனியா இலங்கைக்குத் திரும்பி வந்தது. அதைச் சொல்லிக்கொண்டு பாமசியில் ஸ்டீரொயிட் குளிசையைத் தாமாக வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாளில் வலி பறந்துவிடும், நோய் உள்ளே மறைந்து நிற்கும், நீரிழிவு உள்ளவருக்குச் சீனியும் ஏறும்.

ஆசிரியர் என்ற முறையில் இன்னொன்று. தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமையில் பிள்ளைக்கு ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வலி மாறினால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அது இருதய வால்வைத் தாக்கும் வாதக் காய்ச்சலாக இருக்கலாம்.