ஆக்லாந்து மருத்துவ மாணவர்களின் மன அழுத்தமும் உணவுப் பழக்கமும்

மருத்துவம் படிப்போரிடம் நீடிக்கும் மன அழுத்தம் அவர்கள் சாப்பிடும் நேரத்தையும் அளவையும் உணவுத் தேர்வையும் மாற்றிவிடுகிறது. காலை உணவைத் தவிர்ப்பது, தேர்வு நெருங்க நெருங்க இனிப்பையும் பொரித்த பண்டங்களையும் நாடுவது, பசிக்குக் காபியைக் கொண்டு ஈடுகட்டுவது, இரவில் ஒரேயடியாக உண்பது ஆகியவை பரவலாகக் காணப்படும் வடிவங்கள். இவற்றை மாணவரின் ஒழுக்கக் குறைவாகப் பார்ப்பது தவறு. கால அட்டவணை, தூக்கம், பணம், ஊர் மாற்றம் ஆகியவை கூடித்தான் இந்தப் பழக்கத்தை உருவாக்குகின்றன.

கல்விச் சூழல்

நியூசிலாந்தின் முதல் மருத்துவப் பள்ளி 1875இல் டனீடின் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி 1968இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இது கிராஃப்டன் பகுதியில், ஆக்லாந்து நகர மருத்துவமனைக்கு எதிரே உள்ளது.

பள்ளிப் படிப்பை முடித்து வருவோர் முதலாண்டில் பொதுவான உயிரறிவியல் அல்லது நலவாழ்வு அறிவியல் பாடங்களைப் படித்துவிட்டு, மருத்துவ இடத்துக்காகப் போட்டியிடுகின்றனர். அந்த ஆண்டின் மதிப்பெண், நுழைவுத் தேர்வு, நேர்காணல் ஆகிய மூன்றும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே மன அழுத்தம் மருத்துவ வகுப்புக்குள் நுழையும் முன்பே தொடங்கிவிடுகிறது. இடம் கிடைத்தவர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பெரும்பாலும் கிராஃப்டனில் படிக்கிறார்கள். நான்காம் ஆண்டிலிருந்து வார்டுப் பயிற்சி. அது ஆக்லாந்து மருத்துவமனைகளோடு நில்லாமல் ஹாமில்டன், டௌரங்கா, ரோட்டோருவா, ஃபாங்காரே போன்ற ஊர்களுக்கும் நீள்கிறது.

சாப்பாட்டின் ஒழுங்கு குலைவதற்கு இந்த இடமாற்றம் பெரும் வாய்ப்பளிக்கிறது. வீட்டிலிருந்து படித்தவர் புது ஊரில் தானே சமைத்தாக வேண்டும். தெற்காசிய மளிகைக் கடைகள் நிறைந்த ஆக்லாந்தின் சாண்ட்ரிங்காம் பகுதியை விட்டுச் சிறு நகருக்குப் போகும் தமிழ் மாணவருக்குப் பழகிய பருப்பும் கறிவேப்பிலையும் எளிதில் கிட்டாது. செலவும் சிறிதல்ல: நியூசிலாந்தில் காய்கறி, பழம் உள்ளிட்ட உணவுப் பொருள்களுக்கும் 15 விழுக்காடு சரக்கு, சேவை வரி உண்டு.

ஆய்வு முடிவுகள்

மார்கஸ் ஹென்னிங், சூசன் ஹாக்கன், ஆண்ட்ரூ ஹில் ஆகிய ஆக்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் நியூசிலாந்து மருத்துவர்கள், மருத்துவ மாணவர்களின் வாழ்க்கைத் தரத்தையும் பணிச்சோர்வையும் பற்றி எழுதினர். சின்தக சமரநாயக்க, புரூஸ் ஆரல், அன்டோனியோ ஃபெர்னாண்டோ ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் 1,933 மாணவர்களைப் பற்றியது. அவர்களில் 39.4 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க தூக்கச் சிக்கலும், 17.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும், 19.7 விழுக்காட்டினருக்குப் பதற்றமும் காணப்பட்டன.

உலக அளவில், 43 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வு மருத்துவ மாணவர்களில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கணித்தது. 9 நாடுகளின் மருத்துவ மாணவர்கள் 5,722 பேரை உள்ளடக்கிய 2019ஆம் ஆண்டின் தொகுப்பாய்வில், 10.4 விழுக்காட்டினர் உணவு உண்ணல் கோளாறுக்கான ஆபத்தில் இருந்தனர்.

உடலில் நிகழ்வது

திடீர் அச்சம் பசியை அடக்கும். அட்ரினலின் சுரந்து, செரிமானம் மெதுவாகும். வாய்மொழித் தேர்வுக்கு முன் சோறு இறங்காததன் காரணம் இதுதான். அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் கார்டிசோல் என்னும் அழுத்தச் சுரப்பு மேலோங்கி, பலருக்குக் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவின் மீது நாட்டம் கூடுகிறது. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலர் மெலிகிறார்கள். 2000இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனை ஒன்றில், மேடைப் பேச்சுக்குத் தயாராகச் சொல்லப்பட்டவர்களுக்கு அந்த இடைவெளியில் உணவு பரிமாறப்பட்டது. மொத்த அளவு கூடவில்லை. ஆனால் உணர்ச்சிவயப்பட்டு உண்ணும் இயல்புடையோர் இனிப்பும் கொழுப்பும் மிகுந்தவற்றைக் கூடுதலாக உண்டனர்.

தூக்கக் குறைவு இந்த நாட்டத்தை வலுப்படுத்துகிறது. சிகாகோவில் 12 இளைஞர்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே படுக்கையில் இருந்தபோது, பத்து மணி நேரம் இருந்த நிலையைவிட நிறைவுணர்வு தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு உயர்ந்தது. விடிய விடியப் படித்தவர் மறுநாள் கேக்கைத் தேடுவதில் உடலுக்கும் பங்குண்டு.

சத்துணவுக் கல்வி

தன் தட்டைக் கவனிக்க இயலாதவர் நாளை நோயாளிக்கு உணவுமுறை சொல்ல வேண்டியிருக்கும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் க்ரௌலியும் உடன் ஆய்வாளர்களும் 24 ஆய்வுகளை அலசி 2019இல் வெளியிட்ட கட்டுரை, எந்த நாட்டிலும் மருத்துவக் கல்வியில் சத்துணவுக்குப் போதிய இடமில்லை என்று முடிவுகட்டியது. நியூசிலாந்து நலவாழ்வு அமைச்சின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, வளர்ந்தோர் நாள்தோறும் குறைந்தது ஐந்து பங்கு காய்கறியும் இரண்டு பங்கு பழமும் உண்ண வேண்டும் என்கிறது. இதை மனப்பாடமாகச் சொல்லும் மாணவருக்கும் உட்கார்ந்து உண்ண அரை மணி நேரம் தேவை.

தீர்வுகள்

சக மாணவர் ஆதரவும் மனக்கவனப் பயிற்சியும் இணைந்த திட்டம் ஒன்றை ஃபியோனா மோயர் குழுவினர் ஆக்லாந்து மருத்துவ மாணவர்களிடம் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். மனநல அளவீடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தனிமனிதரைத் தேற்றும் முயற்சி மட்டும் போதாது என எண்ண இது இடமளிக்கிறது.

மாணவர் செய்யக்கூடியவையும் உண்டு: தயிர்ச்சோறு, சுண்டல், அவித்த முட்டை போன்றவற்றை முதல்நாளே கட்டிவைக்கலாம், மாலைக்குப் பின் காபியைக் குறைக்கலாம், நண்பர்களோடு முறைவைத்துச் சமைக்கலாம். அடக்கமுடியாமல் உண்பது, உண்டதை வாந்தியெடுப்பது, உணவை அஞ்சி ஒதுக்குவது ஆகியவை தென்பட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நியூசிலாந்தில் 1737 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

உணவுச் சிக்கல் உடலை மட்டும் சார்ந்ததல்ல: மாவோரி மருத்துவர் மேசன் டியூரி 1984இல் முன்வைத்த நலக் கோட்பாடு உடல், மனம், ஆன்மா, குடும்பம் ஆகிய நான்கையும் வீட்டின் நான்கு சுவர்களாகக் காண்கிறது. உலக மருத்துவச் சங்கம் 2017 அக்டோபரில், நியூசிலாந்து மருத்துவர் சாம் ஹேஸல்டீனின் முயற்சியையடுத்து, மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழியில், மருத்துவர் தம் நலத்தையும் பேண வேண்டும் என்பதைச் சேர்த்தது. அந்தக் கடமை மாணவப் பருவத்திலேயே தொடங்குவதால், தடைபடாத உணவு இடைவேளையும் இரவுப் பணியில் கிடைக்கும் சூடான உணவும் மருத்துவக் கல்வியின் பகுதியாகவே திட்டமிடப்பட வேண்டும்.