நியூகாசில் முற்றுகையும் லண்டன் பழமரங்களும்

1661-ல் ஜான் ஈவ்லின் என்பவர் லண்டன் புகையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி, இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் சமர்ப்பித்தார். பெயர் ‘ஃப்யூமிஃப்யூஜியம்’. அதில் போகிற போக்கில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். எனக்கு மீதிப் புத்தகத்தைவிட அதுதான் பெரிசாகப் பட்டது.

லண்டன் எரித்த நிலக்கரி, வடக்கே நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1640-களின் உள்நாட்டுப் போரில் நியூகாசில் முற்றுகைக்குள் சிக்க, கரிக்குத் தட்டுப்பாடு. சாயப்பட்டறை, சுண்ணாம்புக் காளவாய், சோப்பு காய்ச்சும் இடங்கள் எனப் புகை கக்கிய தொழில்களில் பல அடங்கிப்போயின. அந்த வருஷம் நகரத்தின் நட்ட நடுவே, ஸ்ட்ராண்ட், பார்பிகன் பக்கத்துத் தோட்டங்களில் முன்னும் பின்னும் கண்டிராத அளவுக்குப் பழம் காய்த்துக் கொட்டியதாம்.

எங்கள் தொழிலில், கோளாறு எங்கே என்று புரியாவிட்டால் ஒவ்வொரு சர்வீஸாக நிறுத்திப் பார்ப்போம். இங்கே அந்த வேலையைப் போர் செய்துவிட்டது. சரி, ஒரே ஒரு வருஷம்தான். நல்ல மழையும் வெயிலும்கூடக் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பின்னால் வந்த அறிவியல் ஈவ்லின் பக்கம்தான் நிற்கிறது. கரிப்புகையில் உள்ள கந்தக டைஆக்சைடு இலைத்துளை வழியே உள்ளே போய், ஈரத்தில் அமிலமாகித் திசுவைக் கெடுக்கும். மேலே படியும் கரித்தூள் வெளிச்சத்தை மறைக்கும்.

வருஷா வருஷம் இலை உதிர்க்கும் மரம் கொஞ்சமாவது தப்பிக்கும். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை ஒரே இலையைப் பல வருஷம் வைத்திருக்கும். அழுக்கும் சேர்ந்துகொண்டே போகும். இலையும் உதிர்த்து, பட்டையையும் செதில் செதிலாக உரித்துப்போடும் ‘லண்டன் பிளேன்’ மரம் அந்த ஊர்த் தெருக்களில் நிலைத்ததில் ஆச்சரியமில்லை. ‘மாசைத் தாங்கும் மரம்’ என்று அதற்குப் பேரும் வந்தது.

கியூ தாவரவியல் பூங்காவின் ஊசியிலை மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லண்டன் காற்றில் அவை தேறாது என்று, 1925-ல் கென்ட் பகுதியில் பெட்ஜ்பரி என்ற இடத்தில் அவற்றுக்கெனத் தனித் தோப்பே உருவாக்கினார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மரத்துக்குத் தாங்காது என்று தெரிந்ததும் மரத்துக்கு வேறு இடம் பார்த்தார்கள். அதே காற்றை சுவாசித்த ஜனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். 1952 டிசம்பரில் ஐந்து நாள் கவிந்த புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகுதான், 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈவ்லின் எழுதி அப்போது 295 வருஷம்.

‘மாசைத் தாங்கும் மரம் எது?’ என்று இன்றும் தேடுகிறோம். நல்ல கேள்விதான். ஆனால் தாங்குகிற மரத்தை மட்டும் நட்டுவைத்தால், தாங்காத மரம் வாடிச் சொல்லும் எச்சரிக்கை நம் கண்ணில் படாமலே போய்விடும்.