அங்குலத்துக்குப் பத்துத் தையல்

பல வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு இணைத்த மேல்துணி, அதன் கீழே மெல்லிய பஞ்சுப் படலம், அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி என மூன்று அடுக்குகளாய் அமைந்து, அமெரிக்கக் குடும்பங்களில் தாய் மகளுக்கும் மகள் பேத்திக்கும் விட்டுச்செல்லும் ஆஸ்தியாக மதிக்கப்பட்டு வந்த குவில்ட் என்னும் போர்வைக்கு, அவ்வடுக்குகளை ஊடுருவி ஓடும் நூலோட்டமே ஜீவன். அது சரியாக அமையாவிட்டால் சில சலவைகளுக்குள் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு ஒரு மூலையில் ஒதுங்கிவிடும். பெரிய மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றிலும் பெண்கள் தோளோடு தோள் உரச அமர்ந்து, ஊர்வம்பு பேசியபடியே தைத்த அக்காலத்தில், ஒருத்தியின் கைத்திறனை மற்றவர்கள் எடைபோட்டது அங்குலத்துக்கு எத்தனை தையல் என்ற பிரமாணத்தைக் கொண்டுதான். பத்து பன்னிரண்டு விழுந்தால் அவள் கைதேர்ந்தவள். கூலிக்குத் தைத்தவர்கள் போர்வையின் நீள அகலத்தைப் பாராமல், செலவான நூலை அளந்து காசு பெற்றதும் உண்டு. கோடுகள் நெருங்க நெருங்க நூல் கூடும், நூல் கூடக் கூலியும் கூடும் என்ற அந்தக் கணக்கைவிட நியாயமான ஊதிய முறையை நான் அறியேன்.

தையலின் அளவைக் கையிடமிருந்து முதலில் பறித்துக்கொண்டது தையல் யந்திரம். 1846-இல் எலியாஸ் ஹோவும் 1851-இல் ஐசக் சிங்கரும் பெற்ற காப்புரிமைகள் பிரசித்தமானவை. ஆனால் தையல்கள் ஒன்றுபோல் விழுவதற்குப் பெரிதும் காரணமான ஆலன் வில்சனின் பெயரை, நம் ஊர்த் தெருமுனையில் நாள் முழுவதும் மிஷின் மிதிக்கும் தையற்காரர்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார். ஊசிக்கு அடியில் தலைநீட்டும் பற்கள் மேலெழும்பி, துணியைக் கவ்வி முன்னே தள்ளி, கீழே இறங்கி, பழைய இடத்துக்கே மீளும் நால்வகை இயக்கத்தை அவர் 1854-இல் நிலைநிறுத்தினார். ஊசியும் பற்களும் ஒரே தண்டால் இயங்குவதால், ஒருவர் மெதுவாக மிதித்தாலும் ஓட்டமாய் மிதித்தாலும் ஊசி ஒருமுறை இறங்கி ஏறுவதற்குள் துணி அதே தூரம்தான் நகரும்.

ஆயினும் கட்டிலளவு அகலமுள்ள பஞ்சுப் போர்வையை மிஷினின் குறுகிய கைக்குள் சுருட்டித் திணித்து நாலாபுறமும் திருப்புவது மல்யுத்தத்துக்குச் சமானமான பிரயாசை. ஆகவே போர்வையை உருளைகளில் சுற்றி அசையாமல் நிறுத்திவிட்டு, மிஷினைத் தண்டவாளத்தின்மேல் உருளவிட்டால் என்ன என்ற யோசனை 19-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள்ளேயே பிறந்துவிட்டது. அது வீட்டிலும் சிறு கடையிலும் வைக்கத்தக்க லாங் ஆர்ம் என்னும் நீண்ட கை யந்திரமாக உருவெடுத்தது நூறாண்டுகள் கழித்து. 1980-களின் தொடக்கத்தில் மிசூரி மாநிலத்து வெஸ்ட் ப்ளெயின்ஸில் கென் கேமில் நிறுவிய தொழிற்சாலை இதில் முக்கியமானது. இந்த யந்திரத்தில் துணியைத் தள்ளும் பற்கள் இல்லை. தைப்பவர் இரு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு, சுவரில் சித்திரம் எழுதுவதுபோல், ஊசியை நினைத்த திசைக்கெல்லாம் கொண்டுசெல்லலாம். அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை, ஊசிக்கும் நகர்ச்சிக்கும் வில்சன் போட்டுவைத்த முடிச்சு அவிழ்ந்துபோனதுதான்.

மோட்டார் நிமிஷத்துக்கு 1500 தையல் வீதம் ஓடுகிறதென்று கொள்வோம். கை விநாடிக்கு இரண்டரை அங்குலம் நகர்ந்தால் அங்குலத்துக்குப் பத்துத் தையல் கணக்காக விழும். இலையின் நுனியில் திரும்பும்போது கை தயங்கி விநாடிக்கு ஓர் அங்குலமானால், அதே அங்குலத்தில் 25 தையல்கள் எறும்புச்சாரியாய் மொய்த்துக்கொள்ளும். நேர்கோட்டில் விநாடிக்கு ஐந்து அங்குலம் விரைந்தாலோ அங்குலத்துக்கு ஐந்தே தையல்கள், படுத்திருப்பவர் கால்விரல் மாட்டிக்கொள்ளும் என்று தொழிலில் பரிகாசம் செய்யும்படி நீண்டு கிடக்கும். மோட்டாரின் ரீங்காரத்தைக் காதால் வாங்கி, அதற்கு இசையக் கையை நடத்தும் அப்பியாசம் கைவரப் பல மாதங்கள் பிடிக்கும். மிஷின் தையலை ஏற்கவே பலருக்கு மனம் வராத காலம் அது. 1989-இல் கென்டக்கியின் பதூகா நகரத்துக் கண்காட்சியில் கேரில் பிரையர் ஃபேலர்ட் மிஷினில் தைத்த போர்வைக்கு முதன்முறையாகத் தலைப்பரிசு கிடைத்தபோது, கைத்தையல் பக்ஷத்தார் முகம் சுளித்தனர். இத்தனைக்கும் அந்தப் போர்வை லாங் ஆர்மில் தைத்ததுகூட அன்று.

1990-களின் பிற்பகுதியில் ஸ்டிட்ச் ரெகுலேட்டர் என்னும் தையல் சீராக்கி புழக்கத்துக்கு வந்தது. அவிழ்ந்த முடிச்சை அது மின்னணுவால் மீண்டும் போட்டது. இடவலமாக ஓடும் தண்டவாளத்தை ஒட்டி ஒன்றும் முன்பின்னாக ஓடுவதை ஒட்டி ஒன்றுமாக, ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய இரண்டு சக்கரங்கள் உருள, அவை எவ்வளவு உருண்டன என்பதை என்கோடர்கள் என்னும் உணரிகள் துடிப்புகளாக எண்ணி அனுப்ப, பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்து மறந்துபோன கர்ணத்தின் கணக்கைக் கொண்டு ஊசி உண்மையில் கடந்த தூரத்தைக் கருவி அறிந்து, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு கடந்ததும் ஊசியை ஒருமுறை இறக்கிவிடுகிறது. கை நின்றால் ஊசியும் நிற்கும். கை விரைந்தால் ஊசியும் விரையும். விநாடிக்கு மூன்று அங்குலம் ஓடினால் நிமிஷத்துக்கு 1800 தையல். மோட்டாரின் சக்திக்கு மேலே கை பாய்ந்தால், பல யந்திரங்கள் கீச்சென்று கத்தி ஆக்ஷேபம் தெரிவிக்கும். கை நின்றபோதும் ஊசி மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் இன்னொரு முறையும் உண்டு. நெளிநெளியான நுண்வேலை செய்பவர்கள் பலர் அதையே விரும்புகிறார்கள். 2004 வாக்கில் சுவிட்சர்லாந்தின் பெர்னினா நிறுவனம் சாதாரண வீட்டு மிஷினுக்கும் இவ்வசதியைக் கொண்டுவந்தது. அங்கே சக்கரத்துக்குப் பதிலாக, ஊசியை ஒட்டியுள்ள மிஷின் பாதத்தில் பதித்த ஒளிக்கண் துணியின் ஓட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது.

வித்தை செத்துவிட்டது என்று பழகிய கைகள் சில அங்கலாய்த்தன. எனக்கு அதில் சம்மதமில்லை. சீராக்கி தருவது தையலின் நீளத்தை மட்டுமே. கை நடுங்கினால் கொடியும் நடுங்கித்தான் விழும், வட்டம் முட்டையானால் அந்த முட்டையைப் பத்துப் பத்துத் தையலாய் அது பிசகின்றித் தைத்துக் கொடுக்கும். இத்தனை கணிதமும் ஒரு சிறு சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பியே நடப்பதால், பஞ்சுத்தூசியோ அறுந்த நூலோ குறுக்கே கிடந்து சக்கரம் உருளாமல் வழுக்கினால், நகரவில்லை என்றெண்ணி ஊசி சும்மா இருக்க, ஒரு நெடுந்தையல் விழுந்துவிடுகிறது. அதனால்தான் அனுபவசாலிகள் காலையில் விசையைத் தட்டுவதற்கு முன், கந்தைத்துணி ஒன்றால் தண்டவாளத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துடைத்து, சக்கரத்தையும் விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள்.