நேர்வாளமும் முகம் உரிக்கும் கலையும்

திருமணத்துக்கு ஆறு வாரங்கள் இருக்கையில், தம்பியின் மகள் முகத்தைச் சால்வையால் மூடியபடி என் வீட்டுக்கு வந்தாள். பருத் தழும்புகள் மறையும், நிறமும் வெளுக்கும் என்று நம்பி, ஓர் அழகு நிலையத்தில் 'கெமிக்கல் பீல்' எனப்படும் இரசாயனத் தோலுரிப்பைச் செய்திருக்கிறாள். இரு கன்னங்களிலும் கரும்படலம் படர்ந்திருந்தது.

"என்னத்தைப் பூசினவை எண்டு கேட்டனான், பெரியப்பா. அது தங்கட இரகசியமாம்."

அந்த 'இரகசியம்' என்ற சொல்தான் என்னை இதன் வரலாற்றைத் தேட வைத்தது.

புளித்த பாலில் கிளியோபாத்ரா நீராடினாள் என்றொரு கதை உண்டு. புளித்த பாலில் இருப்பது லக்டிக் அமிலம். ஆனால் தோலுரிப்பு மருத்துவமாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரச் சரும வைத்தியர் போல் கேர்சன் உன்னா, சலிசிலிக் அமிலம், ரெசோர்சினோல், பீனோல், டிரைகுளோரோ அசற்றிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்பதை 1882இல் விபரித்தார். இந்த நான்கும் இன்றுவரை பாவனையில் உள்ளன. பீனோல் என்பது, ஜோசப் லிஸ்டர் 1865இல் கிளாஸ்கோவில் காயங்களைச் சீழ்பிடிக்காமல் காக்கப் பயன்படுத்திய அதே கார்பாலிக் அமிலமே.

வைத்தியர்கள் தயங்கி நின்ற இடத்தில் வேறு சிலர் புகுந்தனர். முதலாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில், ஹொலிவூட்டிலும் புளோரிடாவிலும், வைத்தியப் பட்டம் எதுவுமற்றவர்கள் முகம் உரிப்பதைத் தொழிலாகச் செய்தனர். அவர்கள் தமது கலவையை வெளியாருக்குச் சொல்லாமல் காத்தனர். சுருக்கம் நீங்கி இளமை மீண்டவர்களும் உண்டு. முகம் வெந்து வடுப்பட்டவர்களும் உண்டு.

இந்தத் திரையை விலக்கியவர்களில் முக்கியமானவர்கள் மியாமியின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களான தோமஸ் பேக்கரும் ஹவார்ட் கோர்டனும். 1960களின் தொடக்கத்தில் இவர்கள் வழி பரவிய கலவை இது: 88 வீதப் பீனோல் 3 மில்லி லீற்றர், நீர் 2 மில்லி லீற்றர், திரவச் சவர்க்காரம் 8 துளி, குரோட்டன் எண்ணெய் 3 துளி.

குரோட்டன் எண்ணெய் எதிலிருந்து வருகிறது என்று பார்த்தபோது நான் திகைத்தேன். நமது நேர்வாளம்! சித்த மருத்துவம் கடும் பேதி மருந்தாக அறிந்த வித்து அது. சுத்தி செய்யாமல் அதைத் தொடக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பரியாரியார் சொன்னதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அதன் எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், தோலை ஆழமாக உரிப்பது பீனோல்தான் என்றும் அந்த மூன்று துளிகள் வெறும் துணை என்றும் வைத்தியர்கள் நம்பியிருந்தனர். 2000ஆம் ஆண்டில் கிரெகரி ஹெற்றர் என்ற அமெரிக்க நிபுணர் இந்த நம்பிக்கையைச் சோதித்து மறுத்தார். ஆழத்தைத் தீர்மானிப்பதில் நேர்வாள எண்ணெயின் அளவே பிரதானம் என்று காட்டினார். ஒரு துளி கூடினால் காயத்தின் ஆழமும் கூடும். பரியாரியாரின் எச்சரிக்கையும் ஏறத்தாழ இதுதான்.

தோலுரிப்பு என்பது அளந்து செய்யப்படும் ஒரு காயம். மேல்தோலுடன் நின்றால் சில நாட்களில் ஆறும். உட்தோலின் ஆழம்வரை சென்றால் வாரக்கணக்காகும். பீனோல் தோலினூடாக இரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கவும் கூடும். ஆகவே அதை முகத்தில் பூசும்போது இதயத்தைக் கருவி கொண்டு கண்காணிப்பார்கள்.

நம்மவர் நிறத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கருநிறத் தோல் காயப்பட்டால் நிறமிக் கலங்கள் கூடுதலாக வேலை செய்து கரும்படலத்தை விட்டுச்செல்லும். மிக ஆழமாகச் சென்றால் அக்கலங்களே செயலிழந்து வெளிறிய திட்டுகள் நிலைத்துவிடும். ஆதலால் நம் தோலுக்கு ஆழமான பீனோல் உரிப்பைத் தேர்ந்தோர் பொதுவாகத் தவிர்ப்பர். 1974இல் வான் ஸ்கொட், யூ என்ற இருவர், செதில் செதிலாக உரியும் ஒரு சரும நோய்க்குக் கிளைக்கோலிக் அமிலம் போன்றவை பயன்படுவதை வெளியிட்டனர். மென்மையான இன்றைய உரிப்புகள் பல அந்த வழியில் வந்தவை. அவற்றையும் குறைந்த செறிவில் தொடங்கி, வெயிலுக்கு முகத்தை மறைத்தே செய்யவேண்டும். தேர்ந்த கண்காணிப்பின்றி வீட்டில் இவற்றைப் பூசவேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் எச்சரித்தது.

பெறாமகளைச் சரும வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். பொறுமைதான் முதல் மருந்து என்றார் அவர். திருமணம் குறித்த நாளில் நடந்தது. படலம் மங்கப் பல மாதங்கள் சென்றன.

அழகு நிலையத்தை மட்டும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகையில் சேர்ந்த புதிதில், 'மணமகள் தேவை' விளம்பரங்களை ஒப்புநோக்குவது என் வேலைகளில் ஒன்று. 'சிவந்த நிறம்' என்ற சொற்களை எழுத்துப்பிழையின்றி எத்தனை நூறு தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேன்!

முகத்தில் எதையும் பூசவிடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது என்ன? எத்தனை வீதம்? எவ்வளவு ஆழம்? இரகசியம் என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.